டாக்டரம்மா பொண்ணுக்குப் போட்ட ஊசி

"நாளைக்கு எம் பொண்ணுக்குக் கொழந்த நிக்கலன்னா யாரு பதில் சொல்றது?"

தி.நகரிலிருந்து பெரும்பாக்கம் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில், வீட்டு வேலை முடித்துத் திரும்பும் இரண்டு பெண்கள். அப்படிக் கேட்ட இளையவள் கையில் மகளின் பள்ளிக்கூடம் கொடுத்தனுப்பிய தாள். கர்ப்பப்பைவாய் கேன்சர் தடுப்பூசிக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டுமாம்.

"நீ வேலை செய்ற வூட்டு டாக்டரம்மாவ கேட்டியா?"

"போடுன்னுதான் சொல்றாங்க. ஊருக்குச் சொல்லுவாங்க, அவங்க வூட்ல செய்வாங்களாக்கா? அதான் அவங்க பொண்ணாண்டயே நைசா கேட்டேன், உனக்குப் போட்டாங்களான்னு."

"இன்னா சொல்லுச்சு?"

"எப்பவோ போட்டாச்சாம். அவங்கம்மாவே போட்டாங்களாம்."

"அப்புறம் இன்னாடி? கையெழுத்து போடு."

"அது காசு குடுத்து வாங்கினது. இது ஓசி. ரெண்டும் ஒண்ணுன்னு யாரு கண்டா?" தாளை நாலாக மடித்தாள்.

கேன்சர் ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் பஸ் நின்றது. தலையில் துணி கட்டிய ஒரு பெண்ணைக் கைத்தாங்கலாக ஏற்றினார்கள்.

"எங்க அக்காவ இங்கதான் கூட்டினு வருவேன்," என்றாள் மூத்தவள். "அவ சின்னப் பொண்ணா இருக்கசொல்ல, இந்த ஊசிய ஓசியிலகூட யாரும் குடுக்கல."

பஸ் கிளம்பியது. இளையவள் தாளைப் பிரித்து நீட்டினாள்.

"மருந்து பேரு எங்க போட்டுகீது, பாருக்கா. டாக்டரம்மா பொண்ணுக்குப் போட்டதும் இதேதானான்னு கேக்கறேன்."