காற்றுக்குழாயும் அக்காவின் தட்டும்

ஆகஸ்ட் இருபத்திமூன்று, சனிக்கிழமை, மாலை ஆறு மணி இருபது நிமிடம். நாற்காலிகளில் நூற்றிருபது பேர், கதவோரம் நிற்பவர்கள் பதினேழு பேர். எண்ணிவிட்டுத்தான் மைக்கைப் பிடித்தேன். பராமரிப்புப் பொறியாளனுக்கு வேறு பழக்கம் கிடையாது.

நம் பட்டறையின் ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கும் கண்காணிப்பாளர் அவர்களே! இரும்பைக் கடைந்து இழையாக்கும் இணையற்ற தோழர்களே! வயதிலும் பொறுமையிலும் என்னை வென்ற பெரியோர்களே! பசித்த முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் படித்துவிடும் தாய்மார்களே! இந்தப் பேச்சுக்கு அரைமனதாய் அனுமதி தந்த என் அக்காவே! எல்லோருக்கும் வணக்கம்.

அக்காவை உங்களுக்குத் தெரியும். கடைந்து முடித்த உருளைகளை அளந்து பார்ப்பவள். முடியளவு பிசகினாலும் திருப்பி அனுப்புபவள். அவளுக்குச் சீலியாக் நோய் என்றதும் நம்மில் பாதிப் பேர் என்ன சொன்னோம்? சாப்பாட்டில் பிகு பண்ணுகிறாள் என்றோம்.

பிகுவா அது? பிடிவாதமா? பகட்டா? இல்லை ஐயா, இல்லை! கோதுமையிலும் பார்லியிலும் குளூட்டன் என்றொரு புரதம் உண்டு. அது உள்ளே போனால், அவள் உடம்பின் காவற்படை அவள் சிறுகுடலையே தாக்கும். சத்தை உறிஞ்சும் நுண்விரல்கள் தேய்ந்து தட்டையாகும். உண்பாள், உடம்பில் ஒட்டாது. உறங்குவாள், களைப்பு ஓயாது. தொற்றாது, பயப்படாதீர்கள். குணமாக்க மாத்திரையும் இல்லை. வாழ்நாள் முழுக்க விலக்கி வைப்பதே வைத்தியம்.

என்ன அங்கே? துளி பட்டால் என்ன என்கிறீர்களா? பேரிங்குக்குள் துளி மணல் போனால் என்ன? சொல்லுங்கள் பார்ப்போம். சிரிக்கிறீர்கள், புரிந்துவிட்டது.

கோதுமையை விட்டு ஓராண்டு. வீட்டில் சல்லடை முதல் கரண்டி வரை எல்லாம் புதிது. ஆனாலும் ரத்தப் பரிசோதனையில் நோயைக் காட்டும் அளவு ஏறியது, அவள் எடை இறங்கியது. "ஒளிச்சு ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று மருத்துவர் கேட்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவும் அதையே கேட்டார்.  மறுநாள் முதல் கருவிக் கிடங்கில், ஸ்பானர்களுக்கு நடுவே, தனியாகச் சாப்பிட்டாள். மாதம் முடிந்ததும் வேலையை விடப் போவதாக என்னிடம் சொன்னாள்.

அந்த வாரம்தான் என் நெடுநாள் தலைவலி ஒன்றைக் கையில் எடுத்தேன். மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன் கம்ப்ரஸரின் காற்றழுத்தம் தினமும் விழுந்தது. எங்கோ கசிவு என்று குழாயைப் பிடித்துக்கொண்டே போனேன். எங்கே போய் முடிந்தது? சாப்பாட்டு அறையில்! உள்ளே, சம்மட்டி அடிக்கும் நம் 'பெரிய சுத்தி' அண்ணன், கையில் காற்றுத் துப்பாக்கி. காலையில் சமையல்காரர் ரொட்டி மாவு பிசைந்த மேசையை, இரும்புத்தூளை ஊதுவது போலவே ஊதிக்கொண்டிருந்தார். அறையெங்கும் வெள்ளைப் புகை. நடுவில், தினமும் கிடங்குக்குப் போகும் அக்காவின் தட்டு, கழுவித் துடைத்து, மூடாமல்.

தங்கச்சி என்று அவர் கூப்பிடும் அக்காவுக்குக் கோதுமை மாவு ஆகாது என்று தெரிந்த நாளிலிருந்து ஊதுகிறாராம். அவள் கிடங்குக்குப் போன பிறகும் நிறுத்தவில்லை. திரும்பி வந்தால் அவள் இடம் சுத்தமாக இருக்க வேண்டாமா என்றார்.

எனக்குப் பூசி மெழுகத் தெரியாது. ஊதினால் மாவு ஒழியாது, எழும்பித் தட்டில்தான் இறங்கும் என்றேன். துப்பாக்கியைக் கீழே வைத்தார்.

"அப்ப நான்தான் அவளுக்குத் தினமும் ஊட்டிவிட்டிருக்கேனா?"

கிடங்குக்கு அவரே போனார், அவரே சொன்னார். அக்கா எழுந்தாள்.

"திருடித் தின்னலைன்னு இப்பவாச்சும் தெரிஞ்சுதே," என்றாள். அப்புறம், "அண்ணே, ஊதினது போதும். ஈரத்துணி எடுங்க."

தோழர்களே! அன்புக்கா இங்கே பஞ்சம்? அறையே நிறையும் அளவுக்கு அன்பு இருந்தது! அதை எந்தப் பக்கம் திருப்புவது என்பதுதான் தெரியவில்லை. அவளுக்குத் தனிக் கரண்டி கொடுப்போம், தனிப் பாத்திரம் கொடுப்போம். தனிமையை மட்டும் கொடுக்க மாட்டோம்! கொடுக்கலாமா? கொடுக்கவே கூடாது!

கைதட்டல் போதும். இனி நான் செய்யப் போவது:

1. திங்கள் காலை, சாப்பாட்டு அறைக்குப் போகும் காற்றுக்குழாயை அடைப்பேன். யார் கெஞ்சினாலும் திறக்க மாட்டேன்.

2. மாவு பிசையும் மேசையைப் பக்கத்து அறைக்கு மாற்றுவேன். தூக்க ஆள் வேண்டும். சுத்தி அண்ணன் கை தூக்கிவிட்டார், மற்றவர்கள் தரையைப் பார்க்காதீர்கள்.

3. அடுத்த பரிசோதனைக்கு அக்காவோடு போவேன். மருத்துவரின் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வேன்.

4. திங்கள் மதியம் கிடங்குக்குப் போய், அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எங்கள் மேசைக்கு வருவேன். கூட வருவாளா என்று என்னைக் கேட்காதீர்கள், அவளையே பாருங்கள். தலையாட்டிவிட்டாள். இதற்கு மேல் பேச எனக்கு எதுவும் இல்லை; பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி, வணக்கம்.