பக்கத்து நாட்டுப் பல்லு

— வாயை இன்னும் கொஞ்சம் தொறங்க ஐயா. பல் செட்டு எப்படி உடைஞ்சுது?

— மேடையில, டாக்டர் தம்பி! “பக்கத்து நாட்டுச் சரக்குக்கு வரியை ஏத்திய அரசே, வாழ்க!”ன்னு முழங்கினேன். ‘வாழ்க’வோட சேர்ந்து அதுவும் கிளம்பிடுச்சு.

— கிளம்பி நேரா முன்வரிசையில கட்சித் தலைவர் மடியில விழுந்துச்சு டாக்டர். அந்த மனுஷன் பதறி எழுந்து மிதிச்சுட்டார். இவரைக் கட்டிக்கிட்டு நான் பட்ட மானக்கேட்டுல இதுக்குத்தான் முதல் பரிசு.

— நீ சும்மா இருடி. கூட்டம் கை தட்டுச்சா இல்லையா?

— தட்டுச்சு. இன்னொரு தடவை துப்பச் சொல்லிக்கூடக் கேட்டாங்க.

— ஐயா, இது ஒட்டாது. புதுசுதான் கட்டணும். ஆனா விலை போன தடவை மாதிரி இல்ல. ரெண்டு மடங்கு ஆயிடுச்சு.

— என்ன அநியாயம் தம்பி இது! யாரு ஏத்தினது?

— நீங்கதான்.

— நானா?

— நான் கட்டுற பல்லு எல்லாம் அங்கேருந்துதான் வருது. நீங்க வாழ்த்தின வரி அதுக்கும் உண்டு.

— அதை அந்த நாட்டுக்காரனில்ல கட்டணும்! ஊர் ஊராப் போய் அதைத்தானே சொன்னேன்!

— அவன் பெட்டியை அனுப்பிட்டு நிம்மதியா இருக்கான். எல்லையில வரியைக் கட்டிப் பெட்டியை எடுக்கிறது நம்ம ஊரு மொத்த வியாபாரி. அவர் என் தலையில கட்டினார். நான் உங்க வாயில கட்டறேன்.

— அப்ப உள்நாட்டுப் பல்லைக் கட்டு! நம்ம மண்ணின் பல்லு!

— அதுவும் இருக்கு. அதைச் செய்யறவன் பாதி விலைக்குக் கொடுத்துக்கிட்டிருந்தான், இப்ப அவனும் ஏத்திட்டான். ஏன்யான்னு கேட்டா, “அந்தப் பல்லே அந்த விலைக்குப் போறப்ப நான் என்ன இளிச்சவாயனா?”ங்கறான்.

— அப்ப இளிச்சவாயன் யாரு?

— கண்ணாடி உங்க பக்கத்துலதாங்க இருக்கு.

— சிரிக்காதீங்க தம்பி. ஞாயித்துக்கிழமை வரிக்கு வெற்றி விழா. நான்தான் சிறப்புப் பேச்சாளர். பல்லு இல்லாம ‘வெற்றி’ன்னா ‘வெத்தி’ன்னு வருது.

— இப்ப நான் சொன்னதையே அங்க பேசிடுங்களேன்?

— பேசினா அடுத்த கூட்டத்துக்கு யாரு கூப்பிடுவா? ரிட்டையர் ஆன ஆளு தம்பி நான். என்னை எழுந்து நின்னு கும்பிடறது அந்த மேடையில மட்டும்தான்.

— கட்டிடுங்க டாக்டர். பணம் நான் வச்சிருக்கேன்.

— உங்கிட்ட ஏதுடி பணம்?

— காது மெஷின் வாங்கச் சேர்த்தது.

— யார் காதுக்கு?

— எனக்குத்தான். இடது காது சுத்தமாக் கேக்கறதில்ல. சொன்னேனே. நீங்க பேசிக்கிட்டிருந்தீங்க.

— அம்மா, பல்லு பொறுக்கும். முதல்ல காதைப் பாருங்க.

— அந்த மெஷினும் அங்கேருந்துதான் வருதாம் டாக்டர். வரி போட்டதுல எட்டாத உயரத்துக்குப் போயிடுச்சு. கையில இருக்கிறது இவர் பல்லுக்குத்தான் காணும்.

— வேண்டாம்டி. உன் காதை அடகு வச்சு எனக்கு ஒரு வாயா?

— அட, நீங்க பாட்டுக்குப் பேசுங்க. இனிமே உங்களை எனக்கு இடது பக்கமா உக்கார வச்சுக்கறேன்.