கூட வராத குறிப்பு

பௌர்ணமி இரவில் மலை சுற்ற வரும் கூட்டத்தில், எங்கள் ஊரில் அதிகம் தொலைவது செருப்பும் குழந்தைகளும்தான், சார். செருப்புக்கு யாரும் மென்பொருள் கேட்பதில்லை. குழந்தைகளுக்காக 2006-ல் நான் ஒன்று எழுதிக் கொடுத்தேன்.

அதில் ஒவ்வொரு உதவி மையத்துக்கும் ஒரு மரம், அதாவது கிளை விட்டுப் போகும் ஒரு பட்டியல். கண்டெடுத்த குழந்தை ஒவ்வொன்றும் அதில் ஒரு கணு. பெயர், வயது, சட்டை நிறம் எல்லாம் கணுவுக்குள் இருக்கும். மைக்கில் வாசிக்கக் கூடாததைக் கணுவோடு தனிக் குறிப்பாக ஒட்டிவைப்போம். கணுவை இன்னொரு மரத்துக்கு மாற்றினால் அந்தக் குறிப்பு தானாகக் கூட வராது. எடுத்து வரச் சொல்லி மென்பொருளில் நாலு வரி எழுத வேண்டும். எழுதியிருந்தேன்.

ஒரு பௌர்ணமி இரவு அடி அண்ணாமலை மையத்திலிருந்து ஜோதியம்மாள் அக்கா போன் செய்தார்.

"தம்பி, தென்றல்னு ஒரு பாப்பாவ வேன்ல அனுப்பறேன். அப்பன்கிட்ட மட்டும் குடுத்துடாதீங்க. அடிச்சே கொன்னுடுவான்னு நடுங்குது. கம்ப்யூட்டர்லயும் போட்டுட்டேன்."

"நான் பாத்துக்கறேங்க்கா."

என் மனைவி கஸ்தூரியும் பள்ளிக்கூடத்தில் இப்படித்தான் சொல்லிவைத்திருந்தாள். ஒரு வார்த்தை என்னிடம் கேட்காமல், மகளைப் பார்க்க விடாமல் வாட்ச்மேன் என்னைத் திருப்பி அனுப்பினார். ஒரு தரப்புப் பேச்சைக் கணுவில் ஒட்டுவது முறையில்லை என்று எனக்குப் பட்டது. குழந்தையின் கணு எங்கள் பஸ் ஸ்டாண்டு மையத்துக்கு வருவதற்கு முன் அந்த நாலு வரியை எடுத்துவிட்டேன்.

தகப்பன் சகாதேவன் வந்தார். குழந்தை மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. கூட வேலை செய்த பிரசாத் தயங்கினான்.

"அண்ணா, இந்தாளு மேல சரக்கு வாடை ஜாஸ்தியா இருக்கு."

"மலை சுத்தி வந்தவன் மேல சந்தனமா மணக்கும்? கம்ப்யூட்டர்ல ஏதாவது போட்டிருக்கா பாரு."

"ஒண்ணும் இல்லண்ணா."

"அப்புறம் என்னடா, அனுப்பு."

மேசைக்காலைப் பிடித்திருந்த விரல்களை நான்தான் பிரித்துவிட்டேன். மெதுவாகத்தான் பிரித்தேன்.

மறுநாள் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு கிணற்றிலிருந்து குழந்தையை எடுத்தார்கள். அன்று சாயங்காலமே அந்த நாலு வரியைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். பிறகு சோதித்துப் பார்த்தவர்களுக்குக் குறிப்பு ஒழுங்காகவே கூட வந்தது; கவனக்குறைவு என்று பிரசாத்தை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

அன்று இரவு குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகும்போது சகாதேவன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார், சார். பெற்றவன் அழுவது நிஜமா நடிப்பா என்று எனக்குத் தெரியாதா?