மரியாதைப் பன்மை

— திரும்பவும் பிழைவிட்டிட்டீங்கள், மார்த்தா அக்கா. உங்கட ஹஸ்பண்ட் ஒராள்தானே. ஒராள் எண்டால் ‘ஹீ’.

— நான் என்ன சொன்னனான், பர்ஸானா டீச்சர்?

— ‘தே லிவ் இன் லண்டன்’ எண்டீங்கள். அவை லண்டனில இருக்கினம் எண்டெல்லோ அதுக்குக் கருத்து.

— ஓம்.

— விளங்குது. புருசனை ஒருமையில சொல்ல வாய் வராது. என்ர உம்மாவும் அப்பிடித்தான், வாப்பாட பேர்கூடச் சொல்லமாட்டா. ஆனா இங்கிலீசில மரியாதைக்கெண்டு வேற சொல் இல்லை. ராசாவுக்கும் ‘ஹீ’, மீன் வெட்டுறவருக்கும் ‘ஹீ’. மன்னார் றோட்டில நிக்கிற கழுதைக்குத்தான் ‘இட்’.

— சரி.

— வெள்ளிக்கிழமை கொழும்பில இண்டர்வியூ. இப்ப நான்தான் விசா ஒபிசர். வேர் டஸ் யுவர் ஹஸ்பண்ட் லிவ்?

— ஹீ லிவ்ஸ் இன் லண்டன்.

— இந்தா, வந்திட்டுதே. அடுத்தது, ஹூ லிவ்ஸ் வித் ஹிம்? அவரோட ஆர் இருக்கினம்?

— ஷீ.

— அக்கா, ‘ஷீ’ பொம்பிளைக்குச் சொல்லுறது.

— ஓம். பொம்பிளைதான்.

— ஆர்?

— பேர் தெரியாது. நான் மரியாதைக்கு ‘தே’ சொல்லேல்லை, டீச்சர். அங்க ரெண்டு பேர் இருக்கினம். போன மாரியில என்ர மனுசன் மில்ரனோட வீடியோவில கதைக்கேக்க, பின்னால ஒருத்தி தலை துவட்டிக்கொண்டு போனாள். மில்ரன்ர சேட்டுப் போட்டிருந்தாள். நத்தார்ப் பண்டிகைக்கு நான் வாங்கி அனுப்பின நீலச் சேட்டு.

— அவர் என்ன சொன்னவர்?

— ‘வாடகைக்கு இருக்கிற ஆள்’ எண்டார். பிறகு நான் கேக்கேல்லை. அவரும் மறைக்கேல்லை.

— வீட்டில சொன்னீங்களோ?

— எமிலியானுஸ் அண்ணனுக்குச் சொன்னனான். ‘நீ போய் நிண்டால் அவள் தன்ர பாட்டில போயிடுவாள்’ எண்டிட்டு, அவரே இருந்து விசாப் பாரம் நிரப்பினார். மாமி மடுமாதாவுக்கு நேர்த்தி வைச்சிட்டா. நான் போகமாட்டன் எண்டு சொன்னதை ஒருத்தரும் காதில விழுத்தேல்லை.

— அப்ப அங்க பொய் சொல்ல நான் பழக்கோணுமோ? அது என்னால ஏலாது, அக்கா. தமிழிலயே கதையுங்கோவன். மொழிபெயர்க்க ஆள் தருவினம்.

— அந்த ஆளும் தமிழ்தானே. நான் பஸ்ஸால இறங்க முதல் கதை எங்கட ஊர் பள்ளிமுனைக்கு வந்திடும். அண்ணன் வெளியிலதான் இருப்பார், உள்ள வரேலாது. உள்ள நானும் ஒபிசரும் மட்டும்தான்.

— எண்டாலும், நீங்கள் இப்ப சொன்னதை அங்க சொன்னால் விசா தரமாட்டினம்.

— ஓம். அதைப் பிழையில்லாமல் சொல்லத்தான் உங்களிட்டப் படிக்க வாறன்.