சென்சார் கிடந்த இடம்

பாம்பு வளர்க்கும் வீட்டில் வாடை அடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் அடித்ததில்லை. பாம்புகளைப் பார்க்க நீங்கள் எத்தனையோ முறை வந்திருக்கிறீர்கள், டாக்டர், உங்களுக்கே தெரியும். என் மகள் தொட்டிகளை அவ்வளவு சுத்தமாக வைத்திருப்பாள். அந்தப் பழக்கம் அவளுக்கு என்னிடமிருந்து வந்தது.

நேற்று செத்த இரண்டு பாம்புகளின் வெந்துபோன அடிவயிற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உயிர் ஒட்டியிருந்த மூன்றாவதைப் பையில் எடுத்துக்கொண்டு நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். ஒரு தொட்டியில் சூட்டை அளக்கும் சென்சாரை உள்ளே வைக்க மறக்கலாம், மூன்றிலுமா என்று. கேட்டது அவளை, பார்த்தது என்னை. அவள் எதிரில் நான் வாய் திறக்கவில்லை. அதனால்தான் இன்று தனியாக வந்திருக்கிறேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவுவது எங்கள் குடும்பத்தில் கிடையாது.

மின்சாரத் துறையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் கைபட்ட வயரிங்கில் ஒரு பொறி பறந்ததில்லை. மகள் முதல் பாம்பைக் கொண்டுவந்தபோது, அது பால் பைத்தான் என்றாள். என் அக்கா, “பாலா குடிக்கும்?” என்று கேட்டு எல்லோரையும் சிரிக்கவைத்தாள். பால் என்றால் இங்கிலீஷில் பந்து. பயந்தால் பந்துபோலச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும் சிறிய மலைப்பாம்பு, அவ்வளவுதான். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் தாயில்லாத பெண் ஆசைப்பட்டாள் என்று நானே தொட்டிகளுக்கு அடியில் சூடேற்றும் விரிப்புகளைப் பொருத்தினேன். உள்ளே ஒட்டியிருக்கும் மிளகு அளவு சென்சார் சூட்டைக் காட்டும். அதற்கேற்ப தெர்மோஸ்டாட் விரிப்பை அணைக்கும், மறுபடி போடும். என் வேலை சுத்தமான வேலை.

விடுமுறை நாட்களில் அவள் படம் எடுப்பாள். மேசைமேல் கறுப்பு வெல்வெட் துணி, அதன்மேல் பாம்பு. விளக்கு பிடிப்பது நான்.

“அப்பா, இன்னும் கொஞ்சம் கீழ இறக்குங்க. செதில்ல வெளிச்சம் அடிக்குது.”

“மகாராணிக்குப் பவுடர் ஒண்ணுதான் குறைச்சல்” என்பேன். கேமரா குலுங்கும்படி சிரிப்பாள்.

கண்காட்சிக்குத் தேர்வான படத்துக்கும் விளக்கு பிடித்தவன் நான்தான். மஞ்சளும் வெள்ளையுமான பாம்பு சாவகாசமாக நீண்டு கிடந்தது. நான் ஸ்டாண்டை நகர்த்தினேன், தரையில் கிரீச்சிட்டது, அது சட்டென்று பந்தாகிவிட்டது. “அப்படியே இருங்கப்பா, அசையாதீங்க” என்று எடுத்தாள். அந்தப் படம் கலைக்கூடத்தின் நடுச்சுவரில் மாட்டப்படும் என்று தெரிந்ததும், என்னோடு வேலை பார்த்தவர்களையெல்லாம் நானே அழைத்தேன். தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் நின்றேன்.

படத்துக்குக் கீழே அவள் எழுதியிருந்தாள்: “பயந்தால் இது இப்படிச் சுருண்டுகொள்ளும். சிறுவயதில் அப்பா என் அறையின் ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போன இரவுகளில் நானும் இப்படித்தான் கிடந்தேன்.”

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குக் கீழே வேலை பார்த்த லைன்மேன் அதைச் சத்தமாகவே வாசித்தான். “என்ன சார், வீட்டுலயும் பவர் கட்டா?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் அவள்மேல் ஒருநாளும் கை வைத்ததில்லை, டாக்டர். மற்ற அப்பாக்கள் பெல்ட்டைக் கழற்றினார்கள். நான் ஒரு ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பொய் சொன்னால், எதிர்த்துப் பேசினால், சாப்பாட்டை மிச்சம் வைத்தால். கொஞ்ச நேரம் அழுவாள். பிறகு அடங்கிவிடுவாள். அடங்கியபின் ஃபியூஸைப் போட்டுவிடுவேன். சில நாள் மறந்து தூங்கியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

“நம்ம வீட்டு விஷயத்த நாலு பேர் படிக்கவாம்மா எழுதி வெச்சே?”

“யாரையும் திட்டலையேப்பா. நடந்ததத்தான் எழுதினேன். நேர்ல சொல்ல வரல. படத்தோட பார்த்தா உங்களுக்குப் புரியும்னு நினைச்சேன்.”

“எனக்குப் புரியறதுக்கு ஊரக் கூட்டணுமா?”

அவள் தன் அறைக்குப் போய்விட்டாள். விளக்கைப் பிடிக்க வைத்து, அந்த வெளிச்சத்திலேயே என்னைக் காட்டிக்கொடுத்திருக்கிறாள். வெளியாள் செய்திருந்தால் வழக்குப் போட்டிருப்பேன். பெற்ற பெண்மேல் என்ன வழக்குப் போடுவது?

மறுநாள் காலை அவள் அவசர அவசரமாகத் தொட்டிகளைத் துடைத்துவிட்டுக் கலைக்கூடத்துக்குக் கிளம்பினாள். சாயங்காலம்தான் வந்தாள். வந்ததும் பார்த்தாள். ஓடிப்போய்ப் பிளக்குகளைப் பிடுங்கினாள். உங்களைக் கூப்பிட்டதும் நான்தான். நேற்று உங்களிடம் அவள் என்ன சொன்னாள்? “துடைக்கும்போது வெளிய எடுத்திருப்பேன், திரும்ப வைக்க மறந்துட்டேன் போல. அப்பா வயரிங்ல தப்பு வராது டாக்டர்.”

சரியாகத்தான் சொன்னாள். வயரிங்கில் தப்பில்லை. அவளும் மறக்கவில்லை. மூன்று சென்சார்களையும் உள்ளே ஒழுங்காக ஒட்டிவிட்டுத்தான் போயிருந்தாள். அவற்றைப் பிரித்தெடுத்துக் குளிர்ந்த தரையில் போட்டவன் நான். தரை சில்லென்று இருக்கும்வரை விரிப்பு அணையாது. அந்தப் பாம்புகளுக்குச் சூடு என்றால் பிடிக்கும். வயிறு வேகத் தொடங்கிய பிறகுதான் விலகப் பார்க்கும் என்று அவளே எனக்குச் சொல்லியிருக்கிறாள். மூடிகளின் கொக்கிகளைச் சரிபார்த்தேன். கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தேன். மூடியில் மூக்கு முட்டும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அடங்கிவிட்டது.

நேற்று நீங்கள் போன பிறகு அவள் கலைக்கூடத்துக்கு ஃபோன் செய்து படத்தை இறக்கச் சொன்னாள். என் காலடியில் உட்கார்ந்தாள். “ஒரு உயிரக் காப்பாத்தத் தெரியாதவ நான். உங்களப் பத்தி எழுத எனக்கு என்னப்பா யோக்கியதை இருக்கு?” என்றாள். நான் கடிந்து பேசவில்லை. தலையைத் தடவிக்கொடுத்தேன். அந்த நேரத்தில் பெருந்தன்மை வேண்டும்.

உங்களிடம் கிடக்கும் மூன்றாவது பிழைத்தால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இனி வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். அவளிடம் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும் என்றால் சொல்லுங்கள், தடுக்கமாட்டேன். ஆனால் ஒன்றை யோசியுங்கள். இன்று காலை இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு, “அப்பா, இத மாட்டலாமா?” என்று கேட்டாள். சின்ன வயதுக்குப் பிறகு அவள் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. நான் எழுந்துபோய்ப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் சுவிட்சைத் தொட்டாள். கவனம் வந்துவிட்டது என்று அர்த்தம்.