நைஸ்னா என்ன சார்?

— நல்லாத்தானேம்மா எழுதியிருக்கேன்? "ஷீ இஸ் எ நைஸ் லேடி"ன்னு. அதுக்குப் போய் இப்படி முறைக்கறே?

— அதை மட்டும்தான் சார் எழுதியிருக்கீங்க. பன்னெண்டு வருஷமா இந்த அச்சகத்துல ப்ரூஃப் பாக்கறேன். தலைமை ப்ரூஃப் ரீடரா யாரைப் போடலாம்னு முதலாளி கேட்டா, எனக்கு ஒரு வரி. நேத்து வந்த உங்க மச்சானுக்கு முழுசா ஒரு பக்கம்.

— இதப் பாரும்மா, நைஸுங்கறது பாராட்டு. யாரை வேணா கேளு.

— எங்க மாமியாரைக் கேட்டா, நைஸுன்னா நல்லா அரைபட்டுச்சுன்னு அர்த்தம்பாங்க.

— இங்கிலீஷ் வார்த்தைக்கு மாவு மில்லுலயா அர்த்தம் தேடுவாங்க?

— பெரிய அகராதியிலயும் தேடிட்டேன் சார். மூலம் லத்தீன். "ஒண்ணும் தெரியாத"ன்னு அர்த்தம். பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்குள்ள வந்தப்போ நைஸுன்னா முட்டாள். அப்புறம் கூச்சக்காரங்க, நுணுக்கம் பாக்கறவங்கன்னு மாறி மாறி, ரொம்பப் பின்னாடிதான் இனிமையானவங்கன்னு ஆச்சு.

— அடேயப்பா! அதெல்லாம் எழுநூறு வருஷத்துப் பழங்கதைம்மா. அந்த அர்த்தத்துல இப்ப யாரு எழுதறா?

— நீங்கதான் சார்.

— வாய் ரொம்ப நீளுது. நீ இப்படிப் பேசி நான் பாத்ததே இல்லையே!

— பேசாம இருந்ததாலதானே நைஸ் ஆனேன்? எனக்குப் பத்திக்கிட்டு வருது சார். உங்க மச்சானுக்கு கமா எங்க வரும், கோலன் எங்க வரும்னு நான் உக்காந்து சொல்லித் தரணுமாம். அவர் எனக்கு மேல தலைமையாம்.

— வீட்டுல அவ சும்மா விடறாளா? தம்பி தம்பின்னு உயிரை எடுக்கறா. என் பாடு எனக்குத்தான் தெரியும்.

— உங்க வீட்டுச் சண்டைக்கு என் வேலையையா கொடுப்பீங்க?

— சரி சரி, இப்ப என்ன குடி முழுகிப் போச்சு? அடுத்த தடவை உனக்குத்தான். அந்த லெட்டரை எப்பவும் போல திருத்தி, என் மெயில்லேருந்து முதலாளிக்கு அனுப்பிடு.

— காலையிலயே நைஸா அனுப்பிட்டேன் சார்.

— பாத்தியா! இதுக்குத்தான் உன்னைத் தங்கம்ங்கறது. கோவத்துலயும் வேலையை முடிச்சுட்டே. நல்லா திருத்தினே இல்ல?

— பதினேழு தப்பு இருந்துச்சு. ஒண்ணைக்கூடத் தொடல. பன்னெண்டு வருஷத்துல உங்க இங்கிலீஷை முதலாளி இன்னைக்குத்தான் சார் முதல் தடவையா படிக்கறாரு.