தூசு தங்காத வீடு

தூசு எனக்கு ஆகாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இந்த அறைக்குள் வந்ததும் உங்கள் மேசை ஓரத்தைக் கைக்குட்டையால் துடைத்தேனே, அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முப்பத்திரண்டு வருடம் பதிவு அலுவலகத்தில் இருந்தவன் நான். என் கையெழுத்தை ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை. ஓய்வு பெற்றதும் வீட்டின் கீழ் அறையில் ஒரு மரப் பட்டறை வைத்து, முக்காலிகள் செய்ய ஆரம்பித்தேன். மூன்று கால் இருந்தால் ஆடாது என்பார்கள். என்னுடையவை ஆடும். உறவினர்கள் மரியாதையாக வாங்கிக்கொண்டு போய் மேலே பூந்தொட்டி வைப்பார்கள். ஆளை உட்கார விடமாட்டார்கள்.

என் ஒரே மகள் மின்சாதனங்கள் பழுது பார்க்கும் ஒருவரைக் கட்டிக்கொள்வேன் என்று நின்றபோது, உறவு முழுக்கக் கூடியிருந்த கூடத்தில் ஒரு வார்த்தை சொன்னேன். "நம்ம வீட்டுக் கால்தூசுக்குப் பெறுவானா அவன்?" அந்த வார்த்தை அவர் காதுக்கும் போனது. உறவினர்கள் பிறகு எதற்கு இருக்கிறார்கள்? கல்யாணமும் நடந்தது. என் மனைவி காலமான பிறகு, நான் தனியாக இருக்கக் கூடாதென்று இருவரும் என் வீட்டு மாடிக்கே குடிவந்தார்கள்.

மாப்பிள்ளைக்கு மூச்சிழுப்பு உண்டு. வேலை செய்வதும் மாடி அறையில்தான். கீழே என் மின் ரம்பம் ஓடினால் மேலே இருமல் கேட்கும். அவர் குறை சொல்லவில்லை. நாலு ஞாயிற்றுக்கிழமை கீழே குனிந்து கிடந்து, பட்டறைக்கு ஒரு தூசு உறிஞ்சும் ஏற்பாடு செய்தார். நான் ரம்பத்தைப் போட்டால் மூன்று நொடியில் அது தானாக விழித்துக்கொள்ளும். நிறுத்தினால், குழாயில் மிச்சம் இருப்பதை இழுக்கப் பத்து நொடி கூடுதலாக ஓடிவிட்டு அடங்கும். மரச் சுருள் பீப்பாயில் விழும். மாவு போன்ற தூசைத் துணிப்பை வடிகட்டும். வடிகட்டிய வெதுவெதுப்பான காற்றை வீணாக்குவானேன் என்று, குளிரில் விறைக்கும் மாடி அறைக்கே குழாய் போட்டிருந்தார். தன் வேலை மேல் அவ்வளவு நம்பிக்கை. நான் என் முக்காலி மேல் அப்படி உட்கார்ந்ததில்லை.

உறவினர்களைக் கூப்பிட்டு ஓட்டிக் காட்டினோம். எல்லாரும் பாராட்டினார்கள். அப்போது மாப்பிள்ளை சிரித்தபடி சொன்னார்: "இனிமே இந்த வீட்டுல தூசு தங்காது மாமா. நான் ஒருத்தன்தான் பாக்கி."

கூடம் குலுங்கியது. என் மைத்துனர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மச்சான், உங்க வார்த்தைய உங்களுக்கே திருப்பிக் குடுத்துட்டாரு மாப்பிள்ளை" என்றார். நானும் சிரித்தேன். பல் தெரியச் சிரித்தேன் என்று பிறகு சொன்னார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை. எட்டு மணிக்கு மகள் வேலைக்குக் கிளம்பினாள். நான் துணிப்பையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ரம்பத்தைப் போட்டேன்.

அவரைக் கொல்ல நினைக்கவில்லை. இந்த வீட்டுக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று அவராகவே வேறு வீடு பார்ப்பார், யாருக்கும் தலைகுனிவு இல்லாமல் பிரிந்துவிடலாம் என்று நினைத்தேன். மகள் ஆறு மணிக்கு வருவாள். ஐந்து மணிக்கெல்லாம் பையைத் திரும்ப மாட்டிவிடுவேன். நான் அரக்கன் அல்ல. அந்த ஏற்பாட்டில் எல்லாமே தானாக நடக்கும். கையால் செய்ய வேண்டியிருந்தது இந்த ஒன்றுதான். அதையும் நான் ஒருநாள்கூட மறந்ததில்லை. அறுக்கப் பலகை இல்லாத நாட்களில் செய்து முடித்த முக்காலிகளையே அறுத்தேன். அவற்றால் வந்த ஒரே பயன் அதுதான்.

மாடியில் காற்றின் சுத்தத்தை அளக்க அவர் ஒரு சிறிய பெட்டி வைத்திருந்தது எனக்குத் தெரியும். அது எழுதியும் வைக்கும் என்பது நீங்கள் இந்தக் காகிதத்தை நீட்டிய பிறகுதான் தெரிந்தது. திங்கள் முதல் சனி வரை, எட்டிலிருந்து ஐந்து வரை சிவப்பு. ஞாயிறு மட்டும் பச்சை. ஞாயிறு மகள் வீட்டில் இருப்பாள்.

இரண்டாவது வாரம் அவர் கீழே இறங்கி வந்தார். படியில் இரண்டு இடத்தில் நின்று வந்தார்.

"மாமா, மேல பெட்டி சிவப்பு காட்டுது. துணிப்பை மாட்டியிருக்குல்ல?"

பை என் முதுகுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

"மாட்டியிருக்கு மாப்பிள்ளை."

"அப்ப என் பெட்டிதான் பொய் சொல்லுது" என்று சிரித்துவிட்டுப் போனார். பெட்டியைக் கழற்றிப் புதிது வைத்தார். அதுவும் சிவப்பு. இன்னொன்று வைத்தார். மூன்று பெட்டி சொன்னதை நம்பவில்லை. நான் சொன்னதை நம்பினார். மரியாதை தெரிந்த பிள்ளை என்று அப்போது எனக்கே தோன்றியது. மறுநாளும் பையைக் கழற்றினேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, பதினொன்றரை மணி இருக்கும். மாடியில் நாற்காலி சாய்ந்த சத்தம் கேட்டது. பிறகு தரையை யாரோ தட்டுவது போல. நான் ஒரு பலகையில் பாதி அறுப்பில் இருந்தேன். பாதியில் நிறுத்தினால் ஓரம் பிசிறிவிடும். முழுக்க அறுத்து முடித்துத்தான் நிறுத்தினேன். அவருடைய இயந்திரம் பத்து நொடி கூடுதலாக ஓடிவிட்டு அடங்கியது. அதன் பிறகு மேலே சத்தம் இல்லை.

நீங்கள் கேட்பது அந்த இடைவெளியைப் பற்றி. ரம்பம் நின்றதற்கும் நான் வைத்தியருக்குப் போன் செய்ததற்கும் நடுவில் இருபது நிமிடம் என்கிறீர்கள். இருக்கலாம். முதலில் துணிப்பையை உதறி மாட்டினேன். பீப்பாயைக் காலி செய்தேன். தரையைக் கூட்டினேன், ஈரத் துணியால் ஒரு தடவை துடைத்தேன். அப்புறம்தான் மாடிப்படி ஏறினேன்.

வீட்டுக்கு நாலு பேர் வருவார்கள் இல்லையா? பார்த்தால் என்ன நினைப்பார்கள்?